தினம் ஒரு தூசி

அத்தியாயம் 6

தங்கை செத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். கூடப் பிறந்தவளுக்கு இதுகூடவா தெரியாமல் போகும்? தெரியாது. தெரியும் என்பதெல்லாம் நாமே நமக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானம். அப்பா போன நேரத்தில் நான் அலுவலகத்தில் உட்கார்ந்து யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு மணிகூட அடிக்கவில்லை.

இப்படி நினைத்தபடியே துப்பறிகிறவள் கைப்பேசியை மறுபடி எடுத்துப் பார்த்தாள். கிரிப்டோ நாணயம் வைக்கிற பணப்பைச் செயலியின் திரையில் நேற்று வந்த புள்ளிதான் கடைசி. இன்றைக்கு ஒன்றும் இல்லை. மதியம் ஆகப் போகிறது. வெளியே மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

இந்த மாடி அறையில் அவள் பயத்தை நிறையப் பார்த்திருக்கிறாள். எல்லாம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பயம். அவர்கள் அழுவார்கள், அவள் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைப்பாள். இன்றைக்கு டம்ளர் அவள் பக்கமே இருந்தது. எடுத்தால் தானும் அவர்களில் ஒருத்தி என்பது தெரிந்துவிடும் என்று எடுக்காமல் இருந்தாள். தெரிந்துகொள்ள அறையில் யாரும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

கதவைத் திறந்துகொண்டு அவளுடைய உதவியாளர் உள்ளே வந்தார். பேருந்து நிலையத்தில் பல வருஷம் அறிவிப்பாளராக இருந்தவர். அந்த வேலை போனது. வாய் மட்டும் நிற்கவில்லை. ஊர் அவருக்கு வைத்த பெயர் ரேடியோ.

"மேடம், கீழ மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் புகார் சொல்றார். மேல யாரோ காலைலேருந்து குறுக்கும் நெடுக்கும் நடக்குறாங்களாம். கண்ணு பரிசோதிக்க வந்தவங்க எல்லாம் எழுத்து ஆடுதுன்னு சொல்றாங்களாம். தேவையில்லாம நாலு பேருக்குக் கண்ணாடி எழுதிட்டாராம்."

அவள் சிரிக்கவில்லை. "உக்காருங்க ரேடியோ. உங்ககிட்ட இதுவரைக்கும் சொல்லாத ஒண்ணு சொல்லணும்."

சொன்னாள். தங்கை ஒரு பையோடும் உடைந்த தோள்பட்டை எலும்போடும் புருஷன் வீட்டை விட்டுப் போனவள். எங்கே இருக்கிறாள் என்று அக்காவுக்கும் தெரியாது. அப்படித்தான் ஏற்பாடு. தெரியாததை யாராலும் உன்னிடமிருந்து பிடுங்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனாள். போனில் பேசவும் வழியில்லை. அவள் புருஷன் கைப்பேசி நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். அக்கா எண்ணுக்கு எந்தப் புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் அது எந்த ஊர்க் கோபுரத்திலிருந்து வந்தது என்று மோப்பம் பிடித்துவிடுவான். அதனால் இரண்டு பேரும் கிரிப்டோ நாணயத்தில் வந்து நின்றார்கள். தினமும் காலையில் தங்கை அக்காவுக்கு அந்த வலையமைப்பு அனுமதிக்கிற மிகச் சின்னத் தொகையை அனுப்புவாள். அதைக் கொண்டு ஒரு தீக்குச்சிகூட வாங்க முடியாது. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதைத் தூசி என்பார்கள்.

"எழுந்துட்டேன், இருக்கேன். அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம்" என்றாள்.

ரேடியோ நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "ஒரு நாள் தூங்கிப் போயிருக்கலாமே மேடம்?"

"காய்ச்சல்ல படுத்தப்பகூட அனுப்பினா. இன்னிக்குத்தான் வரல. அதோட இதைப் பாருங்க."

திரையின் தலையில் சிவப்புப் பட்டையில் ஓர் அறிவிப்பு இருந்தது. மிகச் சிறிய தொகைகளுக்கு வலையமைப்பு தடை விதித்துவிட்டது. உங்களிடம் உள்ள தூசிகளை இன்று மாலைக்குள் ஒன்றாகச் சேர்த்துவிடவும். சேர்க்காதவை உறைந்துபோகும், புதியவை வந்து சேராது. கீழே பச்சை நிறத்தில் ஒரு பொத்தான்: சேர்.

"சேர்த்தா என்ன?" என்றார் ரேடியோ. "வீட்டைப் பெருக்கினா குப்பையை ஒரு மூலைக்குத் தள்ற மாதிரிதானே?"

"முகவரின்னா இதுல கணக்கு எண் மாதிரி. ஒவ்வொரு தூசியும் அவளோட ஒரு தனி முகவரியிலேருந்து என்னோட ஒரு தனி முகவரிக்கு வந்திருக்கு. இந்த நாணயத்துல நடக்குறது எல்லாம் ஊர் பாக்கத் திறந்துதான் கிடக்கு, ஆனா எது யாரோடதுன்னு தெரியாது. நான் எல்லாத்தையும் ஒரே செலவா சேர்த்தேன்னா, இத்தனை முகவரியும் ஒரே ஆளோடதுன்னு நானே தம்பட்டம் அடிச்ச மாதிரி. அப்புறம் இத்தனை நாளா இவளுக்கு அனுப்பிட்டு இருந்தது யாருன்னு ஒருத்தன் பின்னாலயே போவான். அதே பணப்பையிலேருந்து அவ எந்தக் கடையில ரொட்டி வாங்கினா, எந்த ஊர்ல அறைக்கு வாடகை கட்டினான்னு ஒவ்வொண்ணா எடுத்துடலாம்."

"அப்ப தொடவே கூடாது."

"தொடாம இருந்தா இனிமே புதுசு வராதுங்கறானே ரேடியோ. இன்னிக்கு வரலையே. காலைலேருந்து என் விரல் அந்தப் பொத்தான் மேலதான் நிக்குது." குரல் இறங்கியது. "சேர்த்துட்டா, வராம நின்னது வந்துடுமோன்னு ஒரு நப்பாசை."

ரேடியோ தன் கைப்பேசியை எடுத்தார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகத்தில் மனத்தாங்கல் தெரிந்தது.

"மேடம், இது அநியாயம். நான் இணையத்துல ஜோக் போடுறேன்னு உங்களுக்குத் தெரியும். சிரிச்சவங்க ஆளுக்கு ஒரு தூசி வீசிட்டுப் போவாங்க. என் சொத்தே தூசிதான். தடைன்னு வந்தா எனக்குத்தானே முதல்ல ஓலை வரணும்? எனக்கு அறிவிப்பும் இல்ல, பட்டையும் இல்ல, ஒரு மரியாதையும் இல்ல." அவர் திரையை நீட்டினார். "அது மட்டுமில்ல, இன்னிக்குக் காலைலகூட ஒண்ணு வந்திருக்கு. மாமியார் ஜோக்குக்கு."

அவள் அந்தத் திரையைப் பார்த்தாள். காலையிலிருந்து மண்டைக்குள் இருந்த பஞ்சு மூட்டையில் ஏதோ ஒரு நுனி அகப்பட்டது.

"சட்டம்னா எல்லாருக்கும்தான் சட்டம்" என்றாள் மெதுவாக. "உங்களுக்குத் தூசி வருதுன்னா தடையே வரல."

"அப்ப தங்கச்சி..."

"அதைத்தான் தெரிஞ்சுக்கணும்." குடையை எடுத்தாள். தடை இல்லை என்றால் தூசி வராததற்கு வேறு காரணம் வேண்டும். "கர்னல்கிட்ட போகலாம்."

கர்னல் படையில் இருந்தவர் இல்லை. சலவைக்கடை நடத்துகிற பெண்மணி. அதட்டுகிற அதட்டலில் வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்பார்கள். கடைக்குப் பின்னறையில் அந்த நாணய வலையமைப்பின் கணினிகள் சிலவற்றை ஓட்டிக்கொண்டிருந்தார். வலையமைப்புக்குச் சொந்தக்காரர் என்று யாரும் கிடையாது. இப்படி உலகமெங்கும் பலர் ஓட்டுகிற கணினிகள்தான் அது. அவை கக்குகிற சூட்டைக் குழாய் வழியே திருப்பி ஈரத்துணி காயவைத்தார். அறை முழுக்க சோப்பு வாசமும் தகரம் காய்கிற வாசமும் கலந்து கிடந்தன.

"தடையா? எவன் சொன்னது?" என்றார் கர்னல், ஒரு போர்வையை உதறிக்கொண்டே. "இன்னும் பேச்சுவார்த்தைதான். ஆளுக்கு ஒண்ணு பேசிட்டு இருக்கோம். வந்தா நல்லதுன்னு கத்துறதுல நான் ஒருத்தி."

"நல்லதா?" என்றார் ரேடியோ.

"பின்ன? எவனோ அனுப்புற தூசியை எல்லாம் என் மிஷின் ஆயுசுக்கும் சுமக்கணும். விளம்பரக்காரன் லட்சம் பேருக்குத் தூவுறான். உளவு பாக்கறவன் யார் பின்னாலயோ போறதுக்குத் தூவுறான். அனுப்பினவன் ஒரு தரம் கூலி குடுத்துட்டுப் போயிடுறான். இந்தக் கடையில தினமும் ஒருத்தன் ஒத்தைக் கைக்குட்டையைக் கொண்டு வந்து பெரிய மிஷின்ல போட்டா விடுவேனா? குறைஞ்சது ஒரு வாளித் துணி. அதான் சட்டம்."

"ஒத்தைக் கைக்குட்டைதான் இருக்குன்னா அவன் என்ன பண்ணுவான் கர்னல்?"

"கையால துவைச்சுக்குவான்."

"என் தங்கச்சியோட ஒரு கையை அவ புருஷன் முறுக்கிட்டான்" என்றாள் துப்பறிகிறவள். அவளே எதிர்பாராமல் வாயில் வந்துவிட்டது. "அவகிட்ட இருக்கறது ஒத்தைக் கைக்குட்டைதான்."

கர்னல் போர்வையைக் கீழே வைத்தார். தன் கட்சியை மாற்றிக்கொண்ட முகம் இல்லை அது. "ஒருத்திக்காக எல்லாரும் சுமக்க முடியுமாம்மா? எனக்குத் தெரியல. அது வேற பேச்சு. இப்ப உனக்கு என்ன வேணும்?"

"இன்னிக்கு என் முகவரி ஒண்ணுக்குத் தூசி வந்ததான்னு பாக்கணும்."

"முகவரியை நீயே அடி. நான் திரும்பிக்கறேன்." கர்னல் சொன்னபடியே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். "இங்க அப்படித்தான். யாரோட சட்டைப்பையிலயும் நான் கைவிட மாட்டேன்."

அவள் அடித்தாள். எழுத்துகளை இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்தாள். வராது. வந்திருக்காது. காலியாக ஒரு கட்டம் வரும். அதைப் பார்த்துவிட்டு நான் இந்தச் சூட்டில் எப்படி நிற்கப் போகிறேன்? அம்மாவிடம் என்ன சொல்வேன்?

கடைசி எழுத்தை அடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மேடம்" என்றார் ரேடியோ. அவர் குரல் பேருந்து நிலையத்தில் ஒலித்த குரல் மாதிரி இல்லை. "மேடம், இருக்கு."

இருந்தது. வழக்கமான காலை நேரத்தில், வழக்கமான ஒரு புள்ளி. தங்கை எழுந்திருக்கிறாள். முகம் கழுவியிருக்கிறாள். எங்கேயோ ஒரு ஜன்னலோரம் நின்று அனுப்பியிருக்கிறாள். துப்பறிகிறவள் பக்கத்தில் இருந்த ஈரத்துணிக் கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அது சலவைக்கு வந்த துணி" என்றார் கர்னல் சுவரைப் பார்த்தபடியே. "இருந்தாலும் உக்காரு."

சந்தோஷம் வந்த வேகத்திலேயே போனது. அதன் பின்னால் இன்னொரு பயம் நின்றுகொண்டிருந்தது.

"இங்க தெரியறது என் போன்ல ஏன் தெரியல?"

கர்னல் கைப்பேசியை வாங்கி, எதையோ திறந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "உன் பணப்பை ஒரே ஒரு கணினியைத்தான் கேட்டுட்டு இருக்கு. அந்தக் கணினியை எவனோ நேத்து ராத்திரியோட நிறுத்தி வெச்சிருக்கான். அவன் ஜன்னலைச் சாத்திட்டான்; நீ விடியலைன்னு நெனச்சுட்டே. இந்தச் சிவப்புப் பட்டையும் உன் போன்ல மட்டும் சொருகினதுதான்."

"என் தூசி எதுன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. உன் பணப்பை வலையமைப்புல நடக்குற மொத்தத்தையும் வாங்கி, உன்னோடது எதுன்னு உள்ளுக்குள்ளயே சலிச்சுக்கற ரகம். அதனாலதான் பொத்தானை உன்னையே அழுத்த வைக்கப் பாக்கறான். அழுத்தினதும் அவன் வாசல் வழியாத்தான் எல்லாம் வெளிய போகும். யாரு இதை உனக்குப் போட்டுக் குடுத்தது?"

"என் மாமா பையன். போன் சரி பண்ற கடை வெச்சிருக்கான்" என்றாள்.

தெருவில் இறங்கி நடக்கும்போது ரேடியோ குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் ஒரு தோள் நனைந்துகொண்டிருந்தது.

"ஒண்ணு இடிக்குது மேடம். போனை சரி பண்றவனுக்கு உங்ககிட்ட தூசி வருதுன்னு எப்படித் தெரியும்? என்கிட்டயே இன்னிக்குத்தான் சொன்னீங்க."

இதற்கு முன்னால் அவள் சொல்லியிருந்தது ஒரே ஒரு ஆளிடம். சாப்பிடாமல் படுத்துக் கிடந்தவளை எழுப்பி உட்காரவைக்க, இருக்காம்மா, தினமும் எனக்கு ஒரு புள்ளி வருது என்று சொன்னாள். அந்த ஆள் அன்றைக்குச் சாப்பிட்டாள்.

மாமா பையனின் கைப்பேசிக் கடை ஒரு சந்தின் கோடியில் இருந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே பிரித்துப் போட்ட போன்கள். அவன் நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்திருந்தான். அவளைப் பார்த்ததும் கையிலிருந்த சின்னத் திருகாணி கீழே விழுந்து உருண்டது.

"அக்கா... போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே."

"என்ன டாக்டரே, இன்னிக்கு ஒரு நோயாளியை நேத்து ராத்திரியோட நிறுத்தி வெச்சிருக்கீங்களாமே?" என்றார் ரேடியோ. சொல்லிவிட்டுக் கதவை ஒட்டியே நின்றுகொண்டார்.

அவன் பூதக்கண்ணாடியைக் கழற்றினான். கண் சிவந்திருந்தது. "நான் கெட்டவன் இல்லக்கா. அத்தை அழுதாங்க. எத்தனை நாள்தான் அழுவாங்க?"

உள்ளறைத் திரை விலகியது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. பக்கத்தில் சுவரில் சாய்த்த குடை.

கெட்டவர்கள் என்றால் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியும், என்று நினைத்தாள். இவ்வளவு காலம் அதில்தான் சாப்பிட்டேன். இவளிடம் எந்தக் குரலில் பேசுவது?

"நான்தான் செய்யச் சொன்னேன்" என்றாள் அம்மா. "அவனைத் திட்டாதே. பெத்தவளுக்குப் புள்ளி எதுக்குடி? புள்ளையைப் பாக்கணும். நீ கேட்டா சொல்ல மாட்டே. அதான்."

"நீ மட்டும்தானாம்மா? வேற யாருக்கும் தெரியாதா?"

"வேற யாருக்கு? நான் மட்டும்தான்."

துப்பறிகிறவள் குடையைப் பார்த்தாள். அதன் முனைக்குக் கீழே தரை காய்ந்திருந்தது. அம்மாவின் செருப்பும் காய்ந்திருந்தது. பேருந்து நிற்கிற இடத்திலிருந்து இந்தச் சந்துக்கு நடந்து வந்ததில் தனக்கு முழங்கால்வரை நனைந்திருந்தது.

"காலைலேருந்து மழை ஊத்துது. உன் குடை நனையவே இல்லையேம்மா. வாசல் வரைக்கும் யார் கார்ல வந்து இறங்கினே?"

அம்மா கைப்பையின் பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

ரேடியோ கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தார். "மேடம்" என்றார், உதடு அசையாமல். "சந்து முனைல ஒரு கார் நிக்குது. வைப்பர் ஓடிட்டே இருக்கு. உள்ள ஆள் இருக்கார்."

அவளுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது, கழுத்து திரும்பவில்லை.

"மாப்பிள்ளை மாறிட்டார்" என்றாள் அம்மா வேகமாக. மனப்பாடம் பண்ணியதை மறப்பதற்குள் சொல்லிவிடுகிற வேகம். "குடிக்கறதில்ல. மரியாதையா பேசறார். ஒரே ஒரு தடவை அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னுதான் சொல்றார். எங்க இருக்கான்னு தெரிஞ்சா போதும், கிட்டகூடப் போக மாட்டேங்கறார். ஒரு பொத்தான்தானே கண்ணு. அழுத்திடு."

வெளியே கார் ஹாரன் அடித்தது. ஒரே ஒரு தடவை, மென்மையாக.

அம்மாவின் தோள் துள்ளிவிட்டது. கைப்பை மடியிலிருந்து நழுவியது. கதவுப் பக்கம் திரும்பிய அந்த முகத்தை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். அம்மாவிடம் அல்ல. மாடிப்படியில் புருஷனின் செருப்புச் சத்தம் கேட்டால் தங்கை இப்படித்தான் திரும்புவாள்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. அம்மா அவனை நம்பவில்லை.

அவள் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "எவ்வளவு நாளா வீட்டுக்கு வர்றான்?"

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு மிகச் சின்னக் குரலில், "தினமும் வர்றார். ஒண்ணும் பண்றதில்ல. கூடத்துல உக்காந்துக்குவார். பேசாம உக்காந்திருப்பார். விளக்குப் போட்ட அப்புறமும் போறதில்ல. நான் சமைச்சா பாத்துட்டு இருப்பார். கத்தியை எங்க வைக்கறேன்னு பாப்பார்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ அவரோட சண்டைக்குப் போவே. உனக்கும் ஏதாவது ஆச்சுன்னா?" அம்மா அவள் கையைப் பிடித்தாள். உள்ளங்கை ஈரமாக, சில்லென்று இருந்தது. "இன்னிக்கு ஆகலன்னா நான் இதே கார்ல அவரோட திரும்பிப் போகணும். எனக்குப் பயமா இருக்குடி. அவளாவது தூரத்துல இருக்கா. எங்கயாவது ஓடிக்குவா. நான் எங்க ஓடுவேன்? அழுத்திடும்மா. எனக்காக."

மாமா பையன் தலையைத் தூக்கவில்லை. ரேடியோ கதவின் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் போட்டார்.

அவள் கைப்பேசித் திரையைப் பார்த்தாள். பச்சைப் பொத்தான் அப்படியே இருந்தது. அழுத்தினால் அம்மாவுக்கு இன்றைக்கு ஓர் இரவு நிம்மதியாகப் போகும். ஓர் இரவுதான். அது யாருடைய இரவிலிருந்து வெட்டி எடுத்தது என்று அம்மாவுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறாள். பயம் ஒருத்தியை இந்த இடம்வரை கொண்டு வந்து உட்காரவைக்கும் என்றால், நாளைக்கு என்னையும் இதே நாற்காலியில் உட்காரவைக்காதா? அந்த நினைப்புதான் காரை விட அதிகமாக அவளை நடுங்க வைத்தது.

ஹாரன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக.

"நீ அந்தக் கார்ல ஏற வேண்டாம்மா" என்றாள். "கர்னல் கடைக்குப் பின்வழி இருக்கு. இந்தச் சந்துக்கும் பின்வழி இருக்கான்னு இவன் சொல்வான். இன்னிக்கு நீ என்கூட வா. நாளைக்கும் என்கூட இரு."

"அப்ப இது?" அம்மா திரையைக் காட்டினாள். விரல் பொத்தானுக்கு மேலே வந்து நின்றது. "இதை அழுத்திட்டா அவர் போயிடுவார்டி. நாம எல்லாரும் நிம்மதியா இருக்கலாம்."

அவள் அம்மாவின் விரலைப் பிடித்து, மெல்ல மடக்கி, அவள் மடியிலேயே வைத்தாள்.

"மாட்டேன்மா" என்றாள்.